ஒரு தட்டு தட்டினால் தூங்கலாம்

குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே மேடம், அது மாதிரி ஒரு சத்தம். ஆனால் விசில் வராது. சீறிக்கொண்டே இருக்கும். இப்போதுதான் கேட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை, அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு, தொட்டிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் டங் என்று ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. அது கேட்ட பிறகுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் உங்கள் அலுவலகத்தில் போனை எடுத்தது நீங்கள்தானே? உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். "நல்லா எழுதணும்னு பார்க்காதீங்கம்மா, என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க" என்று சொன்னீர்கள். கையால் எழுதிப் படமெடுத்து மெயிலில் அனுப்பினாலும் போதும், இன்று நள்ளிரவுக்குள் வர வேண்டும் என்றீர்கள். எனக்கு நல்லா எழுதாமல் எழுத வராது மேடம். அதனால் முதலில் உங்களுக்கு விவரமெல்லாம் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒரு சுத்தமான தாளில் முறைப்படி எழுதி அதை மட்டும் அனுப்புகிறேன். இது சும்மா உங்களுக்காக.

என் பெயர் ஜெசிந்தா. எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் கம்பெனி மதிலை ஒட்டின தெருவில் இருக்கிறது. எங்கள் சமையலறைக்கும் அவர்கள் மிஷின் ரூமுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மீனுக்குப் போடும் ஐஸ் அங்கேதான் தயாராகிறது. ஐஸ் உறைவதற்கு அமோனியா வேண்டும், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. இவர் சொல்லவில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர், ரூபன். மீன் வேன் ஓட்டுகிறார். நல்ல மனுஷர். கோபம் வந்தால்கூடச் சத்தம் போட மாட்டார்.

அந்தத் தட்டு என்னவென்று சொல்ல வேண்டும். கம்பெனியில் ராத்திரி மிஷின் பார்க்கிற ஆள் சுடலைமுத்து. குழாயில் அழுத்தம் ஏறினால் வால்வு தானாகத் திறந்து கொஞ்சம் அமோனியாக் காற்றை வெளியே விடும். அதுதான் அந்தச் சீறல். சீறினதும் அவன் எழுந்து போய்ப் பார்ப்பான். பயமில்லை என்றால் ஸ்பேனரால் இரும்புக் குழாயில் ஒரு தட்டு. ஆபத்து என்றால் விடாமல் தட்டுவான். ஒரு தட்டு தட்டினால் தூங்கலாம், விடாமல் தட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதை யார் ஏற்பாடு செய்தது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. எந்தச் சட்டத்திலும் இருக்காது. ஆனால் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட ஒரு தட்டு கேட்டால் புரண்டு படுத்துக்கொள்ளும்.

அந்த ஆளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பீடி, குடி, ராத்திரியெல்லாம் கரகரவென்று பாட்டு. நான் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, "என்ன டீச்சரம்மா, சாப்பாடு ஆச்சா?" என்பான். நான் டீச்சரே இல்லை. கண்ணாடி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் கோமஸ் அண்ணாச்சியிடம் ஒரு தரம் சொன்னேன், இப்படி ஒரு ஆள் குடும்பங்கள் இருக்கிற இடத்தில் வேண்டாமே என்று. கோமஸ் அண்ணாச்சிதான் கம்பெனி முதலாளி. மிகவும் மரியாதையானவர். நான் படித்த கான்வென்ட்டுக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தவர். கடிதம் எழுதும் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தபோது கோப்பையை அவர் கையால்தான் வாங்கினேன். இப்போதும் அலமாரியில் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. இவர் வேனோடு வெளியூர் போயிருந்தார். என் மகள் லியாவுக்கு அப்போது தவழ்கிற வயது. சீறல் கேட்டது. தட்டுக்காகக் காத்திருந்தேன். ஒன்று கேட்டது. அப்பாடா என்று கண்ணை மூடினால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. டங்டங்டங்டங் என்று கோயில் மணி அடிக்கிற மாதிரி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் வரவில்லை. கடல் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது, பகலிலேயே ரெண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். ஒரு கையில் பிள்ளை. இருட்டு. கண் எரிகிறது, மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, பிள்ளை அழுதது, அப்புறம் அழுகையும் இல்லை, வாயை வாயைத் திறக்கிறாள். நான் ஜெபம் சொல்லக்கூட மறந்துவிட்டேன் மேடம். அப்போது வெளியிலிருந்து, "தள்ளி நில்லு டீச்சரம்மா!" என்று ஒரு சத்தம். ஒரே உதை. கதவு திறந்து தாழ்ப்பாள் பிய்ந்து என் கால் பக்கம் வந்து விழுந்தது. அந்த ஆள் தன் துண்டை வாளித் தண்ணீரில் முக்கி என் முகத்திலும் பிள்ளை முகத்திலும் போட்டான். "காத்து வர்ற பக்கமா நட, திரும்பாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவை உதைக்கப் போய்விட்டான். சாராய வாடை அடித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

லியா ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தாள். இப்போதும் பனி இறங்கினால் அவள் நெஞ்சுக்குள் பூனை கத்துகிறது. இதெல்லாம் எங்கள் குடும்ப விஷயம், உங்கள் அலுவலகத்துக்கு வேண்டாம். உங்களுக்காகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இவர் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து மாட்டினார். பித்தளை, துருப்பிடிக்காது. நான் அதைப் போடுவதே இல்லை. எந்த ராத்திரியும் போட்டதில்லை. "கள்ளன் வந்தா என்ன செய்வே?" என்பார். கள்ளன் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஈரத் துண்டு ஒன்று தொட்டில் பக்கத்தில் எப்போதும் இருக்கும். இதோ இப்போதும் இருக்கிறது.

உங்கள் துறை ஐஸ் கம்பெனிகளுக்கான பாதுகாப்பு விதியை மாற்றப் போகிறது என்பது எனக்கு இவருடைய வேன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துதான் தெரிந்தது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் வரைவைப் போட்டு, கை தட்டுகிற பொம்மையும் போட்டிருந்தார்கள். இவர் தலைப்பைப் படித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கடைசி பாரா வரை படிக்கிற பழக்கம். நடுவில் ஒரு விதி. சின்ன ஐஸ் கம்பெனிகளில் தானாக நிறுத்துகிற கருவி வைத்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று முதலாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ராத்திரி ஆள் வைக்கத் தேவையில்லையாம். கடைசி பாராவில், பொதுமக்கள் தங்கள் கருத்துகளையும் ஆட்சேபணைகளையும் இந்த முகவரிக்கு அனுப்பலாம் என்று இருந்தது. பொதுமக்கள் என்றால் நாங்கள்தானே? மூன்று தரம் படித்தேன். எங்களையா கேட்கிறார்கள்? நம்ப முடியவில்லை. சட்டம் போட்ட பிறகு அழுவதுதான் எங்களுக்குத் தெரியும். போடுவதற்கு முன்னால் கேட்பார்கள் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

எதிர் வீட்டு ஹில்டா அக்காவிடம்தான் முதலில் போனேன். கருவாடு விற்கிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

"நாம எழுதினா படிப்பாகளா?" என்றார்.

"படிக்கணும்னு விதியிலேயே இருக்கு அக்கா."

"அப்ப எழுதுட்டி. கரண்ட் போனாத்தான் அந்தச் சனியன் மோசமாச் சீறுதுன்னு எழுது. கரண்ட் இல்லாதப்ப அவன் கருவி என்னத்தக் கிழிக்கும்னு கேளு. என் கோழி எல்லாம் கூட்டோட செத்துச்சே, அதையும் எழுது. ஆறு கோழி. ஒண்ணு அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு."

"கோழியை எல்லாம் அரசாங்கத்துக்கு எழுதக் கூடாது அக்கா."

"ஏன், அரசாங்கம் கோழி தின்னாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். தெரு முழுக்கப் பேசினார்கள், ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டிக்கொண்டு. ஒருத்தி தன் மாமியாருக்குக் கண் மங்கினதைச் சொன்னாள். இன்னொருத்தி சுடலைமுத்துவுக்கு ராத்திரி சோறு கொடுத்து விடுவதைச் சொன்னாள், அவன் பசியில் தூங்கிவிடக் கூடாதாம். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அதையெல்லாம் அப்படியே போட்டால் சந்தைக்கடை மாதிரி இருக்கும் இல்லையா? எங்கள் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார்கள்: பெரியவர்களுக்கு எழுதும்போது நன்றியோடு தொடங்கு, நன்றியோடு முடி, குறை இருந்தால் நடுவில் ஒரு வரியில் சொல், அதையும் விண்ணப்பமாகச் சொல். அப்படித்தான் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தொழில் முன்னேற்றத்துக்காகத் தாங்கள் கொண்டுவந்துள்ள இந்தச் சிறந்த வரைவை எங்கள் பகுதி மக்கள் மனமார வரவேற்கிறோம். இரவு நேரப் பாதுகாப்பில் தக்க கவனம் செலுத்தப்பட்டால் இன்னும் சிறப்பாக அமையும் எனப் பணிவுடன் கருதுகிறோம். தங்கள் மேலான பணிக்கு நன்றி."

ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தெருவில் எல்லோரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஹில்டா அக்கா போடும்போது, "கோழி எங்கட்டி இருக்கு?" என்று கேட்டார். "பாதுகாப்புங்கிற வார்த்தைக்குள்ளே இருக்கு அக்கா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அதற்குள்தான் எல்லாம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கோமஸ் அண்ணாச்சி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கையில் இறால் பொட்டலம், பெரிய இறால். இவர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார், உட்காரவில்லை. இவர் வேனுக்கு ஐஸ் அங்கிருந்துதான் வர வேண்டும், வேறு கம்பெனி எங்கள் பக்கத்தில் கிடையாது.

"வாம்மா ஜெசிந்தா. எங்க சங்கத்துல ஒருத்தர் துறை வெப்சைட்ல வந்த கருத்தையெல்லாம் எடுத்துக் காட்டினார். எங்க பக்கத்து வீட்டுக்காரங்களே ஆதரவா எழுதியிருக்காங்கன்னு. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. இந்தக் கையெழுத்துக்கு நான்தானே கப் கொடுத்தேன்!"

இறால் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"நீதான் முன்னாடியே சொன்னியே, ராத்திரி அந்த ஆளு வேண்டாம்னு. உன் மனசு மாதிரியே நடக்கப் போகுது. கருவி வந்தாச்சுன்னா ஆளே இருக்க மாட்டான். நீ நிம்மதியா மாடிக்குப் போகலாம்."

நான் சொன்னது வேறு விஷயம் மேடம். ஆள் வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? அந்த ஆள் வேண்டாம் என்றுதானே சொன்னேன்? அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது. டீ போட்டுக் கொடுத்தேன். நன்றி அண்ணாச்சி என்றேன். அது பழக்கத்தில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஹில்டா அக்கா நடுத்தெருவில் நின்று, "எங்க கையெழுத்தை வாங்கி முதலாளிக்கு மாலை கட்டிப் போட்டியா? எத்தனை கிலோ இறாலுட்டி கிடைச்சுது?" என்று கேட்டார். இறாலை நான் சமைக்கவே இல்லை. சத்தியமாகச் சமைக்கவில்லை. பூனைகளுக்குப் போட்டேன். ஆனால் அதைப் போய் யாரிடம் சொல்ல? படிக்காதவர்கள், கடிதத்தின் மரியாதையை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படித்தவர்கள்தானே? நீங்களும் ஏன் புரிந்துகொள்ளவில்லை? அந்தக் கோபத்தில்தான் வரைவின் கீழே இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க லெட்டர் ஆதரவுக் கட்டுலதான் இருக்கு. வரவேற்கிறோம்னு எழுதியிருக்கீங்களே" என்றீர்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்றீர்கள். எந்த விதியை எதிர்க்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதுங்கள், பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றீர்கள். நான் கோழியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னேன், அந்த அக்கா இப்படியெல்லாம் எழுதச் சொன்னார் என்று. நீங்கள் சிரிக்கவில்லை. "எத்தனை கோழி?" என்று கேட்டீர்கள். "அன்னிக்கு கரண்ட் இல்லையா? அதை ஏம்மா எழுதல?" என்றீர்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. கோழியைக் கேட்கிற அலுவலகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

நேற்று ராத்திரியே போனில் ஒன்று எழுதி வைத்தேன். காலையில் பார்த்தால் இல்லை. இவர்தான் அழித்திருக்கிறார். மறைக்கவில்லை, அவரே சொன்னார்.

"பேரோட வெப்சைட்ல வரும் ஜெசி. அண்ணாச்சி பார்ப்பாரு. மறுநாள் எனக்கு ஐஸ் கிடைக்காது. ஐஸ் இல்லாம மீனை எதுல ஏத்த, உன் கப்புலயா?"

"பிள்ளை மூச்சு விட முடியாம கிடந்தாளே, அதை நீங்க பார்க்கலையே."

"அதுதான் கருவி வைக்கப் போறாங்கல்ல. எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தெருவுல வேற யாராவது எழுதட்டும்."

தெருவில் வேறு யாரும் எழுத மாட்டார்கள் மேடம். என்னை நம்பித்தான் ஒருமுறை கையெழுத்துப் போட்டார்கள். இன்று மத்தியானம் ஹில்டா அக்கா வீட்டுக்குப் போனேன், கோழி செத்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் அப்படியே எழுதித் தருகிறேன் என்று. கதவை முகத்தில் சாத்தினார். பரவாயில்லை. ஆறு கோழி, ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது என்று நானே இங்கே எழுதிவிட்டேன்.

இவர் சாயங்காலம் வேன் எடுத்துக்கொண்டு போனார். விடிவதற்குள் வர மாட்டேன் என்றார். அதனால்தான் தைரியமாக உட்கார்ந்தேன். ஆனால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறதா, ஒரு பூனை உரசினாலும் தூக்கிவாரிப் போடுகிறது. முதலில் காற்றுக்குப் பயந்தேன். இப்போது மனுஷருக்கும் பயப்படுகிறேன். எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று தெரியவில்லை. இவரைச் சொல்லவில்லை. இவர் நல்லவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சரி, கதை போதும். சுத்தமான தாள் எடுத்து வைத்திருக்கிறேன். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு, தங்கள் மேலான துறை" என்பது வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. நன்றி என்று தொடங்கினால் மறுபடி அந்தக் கட்டுக்குத்தான் போகும். நன்றி இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று என் கைக்குத் தெரியவில்லை.

வேன் சத்தம். தெருமுனையில் திரும்புகிறது. இவருடைய வேன்தான், பின்கதவு கடகடவென்று ஆடும். கரைக்கு மீன் வந்திருக்காது, திரும்பிவிட்டார்.

மேடம், சுத்தத் தாளுக்கு நேரமில்லை. இதையே அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாராய வாடையைப் பற்றி எழுதினதை அடிக்கலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. நான் எதிர்ப்பது ராத்திரி ஆள் தேவையில்லை என்கிற அந்த விதியை. முன்னால் அனுப்பின கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி ஒரு ஆள் இருக்க வேண்டும். குடிக்காத ஆளாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஆள் இருக்க வேண்டும்.

ஜெ. ஜெசிந்தா, க/பெ ரூபன், கதவு எண் 14, ஐஸ் கம்பெனி பின் தெரு.

எழுதிவிட்டேன். இனிப் படமெடுக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமாக. அதற்குள் வந்துவிடுவார். இதோ வண்டி நின்றுவிட்டது. மதிலுக்கு அப்பால் மறுபடி அந்தச் சீறல். லியா புரள்கிறாள். தட்டு இன்னும் வரவில்லை. வரவில்லை. பாட்டுச் சத்தம் நிற்கிறது, யாரோ எழுந்து நடக்கிறார்கள்.

டங்.

ஒன்றுதான். காத்திருந்து பார்த்தேன், ஒன்றேதான்.

வாசல்படியில் இவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய், மழைக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டேன்.